பம்ப் கேட்டு வந்த மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 19. சொந்த ஊர் ராஜபாளையம். கோவையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். உடம்பில் இன்சுலின் சுரக்காமல், வெளியிலிருந்து இன்சுலின் போட்டே ஆக வேண்டிய டைப் 1 நீரிழிவு வந்து எட்டு வருடம். எடை 48 கிலோ. கடைசியாக எடுத்த எச்பிஏ1சி 9.4 சதவீதம், மூன்று மாதச் சராசரி சர்க்கரை 220ஐத் தாண்டியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கண்ணிலும் சிறுநீரகத்திலும் இதுவரை பாதிப்பு இல்லை. அவர் கேட்டு வந்தது இன்சுலின் பம்ப்.

இது ஒரே ஒருவரின் கதை அல்ல. நீரிழிவுக் கல்வியாளராகப் பல இளைஞர்களிடம் பார்த்தவற்றை, பயிற்சிக்காக ஒருவர்மேல் ஏற்றிக் கோத்திருக்கிறேன். இதில் வரும் டோஸ் கணக்குகள் இந்த மாதிரி நோயாளிக்கு மட்டுமே பொருந்தும். யாரும் எடுத்துத் தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பின்னணி

11 வயதில் தண்ணீர் தண்ணீராகக் குடித்து, ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து சிறுநீர் போய், பள்ளிச் சீருடை தொளதொளவென்று ஆகி, கடைசியில் வாந்தியும் மூச்சிரைப்புமாக அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்சுலின் இல்லாததால் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேரும் கீட்டோஅசிடோசிஸ், அதுவும் முற்றிய நிலை. நம் ஊரில் டைப் 1 பல குழந்தைகளுக்கு இப்படித்தான் தெரியவருகிறது. வாந்திக்கு அஜீரண மருந்து, மூச்சிரைப்புக்கு வீசிங் மருந்து என்று நாலு நாள் போய்விடும். ஒரு சொட்டு ரத்தத்தில் சுகர் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

முதல் நான்கு வருடம் காலை, மாலை இரண்டு வேளை 30/70 கலவை ஊசி. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். பத்தாம் வகுப்பில் தனியார் மருத்துவர் ஒருவர் நான்கு ஊசி முறைக்கு மாற்றினார். படுக்கும்முன், நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் 24 யூனிட். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு, வேகமாக வேலை செய்யும் அஸ்பார்ட் 6, 6, 8. ஆக மொத்தம் 44 யூனிட். வீட்டில் இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டார். எச்பிஏ1சி 8ஐ ஒட்டியே இருந்தது. ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் ஏறியது.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். தம்பி பதினொன்றாம் வகுப்பு. இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 40,000 தேறாது.

கேட்டது என்ன, நினைத்தது என்ன

"ஊசி போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு மேடம். பம்ப் போட்டுட்டா அதுவே பாத்துக்கும்ல?" இது மாணவி. கல்லூரியில் சீனியர் ஒருவர் இடுப்பில் பம்ப் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். அந்த சீனியர் கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு இரண்டு பட்டனை அழுத்தியதும், வகுப்பில் யாருக்கும் தெரியாமல் எல்லாம் நடந்து முடிந்ததும் இவர் மனதில் பதிந்துவிட்டது.

அப்பாவின் கேள்வி வேறு. "ஆபரேஷன் எத்தனை மணி நேரம்ங்க?" பம்ப் உடம்புக்குள் வைக்கும் கருவி என்று அவர் எண்ணியிருந்தார். அம்மா சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க கண்ணுல படுமே" என்றார். "ஊசி போடறது மட்டும் படாதாம்மா?" என்று மகள் திருப்பிக் கேட்டார். அந்தப் பேச்சு அன்று அத்தோடு நின்றது. ஆனால் பம்ப் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவில் இந்தக் கவலைக்கும் பங்கு உண்டு. கேஸ் ஷீட்டில் யாரும் எழுதுவதில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது.

முதல் சந்திப்பில் பாதி நேரம் பம்ப் என்றால் என்ன என்று சொல்வதிலேயே கழிந்தது. சின்ன செல்போன் அளவுக் கருவி. உள்ளே 3 மில்லி கொள்ளும் ஒரு குப்பி, அதில் 300 யூனிட் வேகமான இன்சுலின். மெல்லிய குழாய் வழியாக வயிற்றுத் தோலுக்கு அடியில் செருகிய கானுலா என்ற சிறு மென்குழாய்க்குப் போகும். கானுலாவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிக் குத்த வேண்டும். குளிக்கும்போது கழற்றிக்கொள்ளலாம். நாம் போடும் கிளார்ஜின் வயலுக்கு ஒரே மடையில் தண்ணீர் விடுவதைப் போல; பம்ப் சொட்டு நீர்ப் பாசனம். எந்த மணிக்கு எவ்வளவு சொட்ட வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கான இன்சுலினை மட்டும் பம்ப் தானாகக் கொடுக்காது. தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று கணித்து, எண்ணைத் தட்ட வேண்டியது மாட்டியிருப்பவர்தான். தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரோடு சேர்ந்து இயங்கும் தானியங்கி மாடல்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்கும் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இதைக் கேட்டதும் மாணவியின் முகம் வாடியது உண்மை.

"முதலில் ஏழுக்குக் கீழே கொண்டு வா"

இவர் பம்ப் பற்றி முன்பே ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "எச்பிஏ1சியை 7க்குக் கீழே கொண்டு வந்து காட்டு, அப்புறம் பேசலாம்." அதைக் கேட்டபின் ஆறு மாதம் அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை.

இந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊசியிலேயே 7க்குக் கீழே கொண்டுவர முடிந்தவருக்கு பம்ப் எதற்கு? இங்கிலாந்தில் எந்தச் சிகிச்சையை யாருக்கு அரசு செலவில் தரலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு 2008இல் வகுத்த விதி இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பல ஊசி முறையில் நல்ல கவனிப்போடு முயன்றும் 8.5 சதவீதத்துக்குக் கீழே வராதவர்கள், அல்லது வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு லோ சுகர் வருபவர்கள், இவர்களுக்குத்தான் பம்ப் என்றது அது. 2023 டிசம்பரில் தானியங்கி முறைக்கான வழிகாட்டுதல் வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களையும் கர்ப்பிணிகளையும் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு 7.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது முடக்கும் லோ இருந்தால் தகுதி. அங்கே செலவு அரசுடையது என்பதால் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் யாருக்குத் தேவை என்ற தர்க்கம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை.

பம்ப் மாட்டுவதைத் தள்ளிப்போட நியாயமான காரணங்கள் உண்டு. அடிக்கடி சுகர் பார்க்க மனமில்லாமை, கீட்டோன் பற்றித் தெரியாமை, மாதாமாதம் பொருள்கள் வாங்கப் பணமில்லாமை. மூன்றும் பாதுகாப்பு சார்ந்தவை. எச்பிஏ1சி என்ற பரீட்சையில் மார்க் குறைவு என்பது அந்தப் பட்டியலில் கிடையாது.

சென்சார் காட்டியது

எதையும் மாற்றாமல் 14 நாள் சென்சார் ஒட்டினோம். 70 முதல் 180 வரையிலான இலக்கு எல்லைக்குள் இருந்த நேரம் 38 சதவீதம். 180க்கு மேல் 54. 70க்குக் கீழே 8. பெரும்பாலான டைப் 1 பெரியவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு, எல்லைக்குள் 70 சதவீதத்துக்கு மேலும் 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள்ளும்.

சதவீதத்தைவிட வரைபடத்தின் வடிவம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மதியம் இரண்டு மணியிலிருந்து மாலை வரை 280, 300. இரவு இரண்டிலிருந்து நான்குக்குள் செங்குத்தாக விழுந்து 50, 55. காலை ஏழு மணிக்கு மறுபடி 260.

வரைபடத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசியபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மெஸ்ஸில் மதிய ஊசியை வாரத்தில் பாதி நாள் போடுவதே இல்லை. வரிசையில் தட்டோடு நிற்கையில் பையைத் திறந்து பேனா ஊசியை எடுக்கக் கூச்சம். பாத்ரூமில் போய்ப் போட நேரமில்லை. போடும் நாளிலும் சாப்பிட்டு முடித்த பிறகுதான், ஏனென்றால் சாம்பார் சாதம் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே தெரியாது. சாயங்காலம் ரூமுக்கு வந்து பார்த்தால் 300. எட்டு மணிச் சாப்பாட்டுக்கு 8 யூனிட். பத்தரைக்கு மறுபடி பார்த்தால் 270. பயந்துபோய் இன்னொரு 6. அதோடு கிளார்ஜின் 24. எட்டு மணிக்குப் போட்ட ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் இன்னொன்று. இரவு இரண்டு மணிக்கு வியர்த்து விழித்து ஒரு பாக்கெட் குளுக்கோஸ் பிஸ்கட், சில நாள் அதோடு ரூம்மேட் வைத்திருக்கும் மிக்சர். காலையில் 260.

இந்தச் சுழலில் பாதிக்கு பம்ப் மருந்தே அல்ல. மதிய இன்சுலினைத் தவறவிட்டால் பம்ப்பிலும் சாயங்காலம் 300தான். ஆனால் கூச்சம் என்ற காரணத்துக்கு பம்ப் நல்ல மருந்து. பட்டனை அழுத்துவது யார் கண்ணையும் உறுத்தாது. அந்த சீனியரிடம் அவர் பார்த்தது வீண் ஆசை இல்லை என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் தொப்புளுக்கு இருபக்கமும் கொழுப்பு கட்டிக்கட்டியாகத் திரண்டிருந்தது. எட்டு வருடமாக அதே இரண்டு இடம். அங்கே வலி குறைவு. ஆனால் அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் எப்போது ரத்தத்தில் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பம்ப்பின் கானுலாவை அதே இடத்தில் குத்தினாலும் இதே கதிதான்.

ஊசியிலேயே முதல் மூன்று மாதம்

மருத்துவர் கிளார்ஜினை 24லிருந்து 20க்குக் குறைத்தார். மொத்த இன்சுலினில் பாதிக்கு மேல் அதுவே இருந்ததும் இரவு லோவுக்கு ஒரு காரணம். கட்டிகள் உள்ள இடங்களுக்கு முழு ஓய்வு; தொடை, மேல்வயிறு என்று முறை வைத்து, 4 மில்லிமீட்டர் ஊசி. ஏறிய சர்க்கரையை இறக்கப் போடும் ஒரு திருத்த ஊசிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம்.

கார்ப் கணக்கு, அதாவது மாவுச்சத்துக் கணக்குதான் பெரிய வேலை. 500ஐ மொத்த டோஸான 44ஆல் வகுத்தால் 11 வருகிறது. அதாவது ஒரு யூனிட் சுமார் 11 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்ற தொடக்கக் கணக்கு. 1800ஐ அதே எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய 40. ஒரு யூனிட் அவ்வளவு சர்க்கரையைக் குறைக்கும். சமைத்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம் போல. ஹாஸ்டலில் தராசு எங்கே இருக்கிறது? வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் சமையல் தராசில் மெஸ் கரண்டி அளவுக்கு ஒத்த கரண்டியால் சோறு அள்ளி எடை போட்டுப் பார்த்தார்கள். இட்லியையும் அப்படியே நிறுத்தார்கள். மெஸ் இட்லி வீட்டு இட்லியைவிடப் பெரிது என்று மகள் திருத்தம் சொன்னார். இணையத்தில் கிடைக்கும் அட்டவணையில் உள்ள 'ஒரு இட்லி' நம் தட்டில் இருக்கும் இட்லி அல்ல என்பதை இதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மதிய ஊசிக்கு ஒரு ஏற்பாடு: வகுப்பு முடிந்த கையோடு, மெஸ்ஸுக்குள் நுழையும் முன்பே, இரண்டு கரண்டி சோற்றுக்கான அளவைப் போட்டுவிடுவது. கூடுதலாகச் சாப்பிட்டால் மிச்சத்தைப் பிறகு சேர்ப்பது. நெருங்கிய தோழி இருவரிடம் விஷயத்தைச் சொல்லியும் விட்டார்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 8.3. எல்லைக்குள் இருந்த நேரம் 52 சதவீதம், 70க்குக் கீழே 3. நல்ல முன்னேற்றம். ஆனால் ஒரு சிக்கல் மட்டும் அசையவில்லை. இரவு முழுக்க 110, 120 என்று தட்டையாகப் போகும் கோடு, அதிகாலை நான்கு மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, எதுவுமே சாப்பிடாமல் ஏழு மணிக்கு 230ஐத் தொடுகிறது. விடியற்காலையில் வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசாலும் உயர்வதால் வரும் ஏற்றம் இது. இந்த வயதில் சகஜம். கிளார்ஜினைக் கூட்டிப் பார்த்தார் மருத்துவர். நள்ளிரவில் லோ வந்தது. குறைத்தார், காலை 260. ஒரே மடையில் விடும் தண்ணீரை நான்கு மணிக்கு மட்டும் கூட்ட முடியாதே.

பம்ப் தேவை என்று கோப்பில் எழுதியது இந்த இடத்தில்தான். அலுப்பும் கூச்சமும் பொய்யில்லை, ஆனால் ஊசியால் எட்ட முடியாத ஒரு மருத்துவக் காரணமும் இப்போது கையில் இருந்தது.

சோதனை ஓட்டம்

கடனாகக் கிடைத்த சாதாரண பம்ப் ஒன்றை, தானியங்கி வசதி இல்லாதது, செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் மாட்டினோம். ஊசியிலிருந்து மாறும்போது மொத்த அளவைக் குறைத்துத் தொடங்குவது வழக்கம். இவருக்கு அடிப்படை இன்சுலின், அதாவது சாப்பாட்டுக்கு அல்லாமல் நாள் முழுக்கச் சொட்டுவது, நாளுக்குச் சுமார் 17 யூனிட் என்று வந்தது. நள்ளிரவு முதல் மூன்று மணி வரை மணிக்கு 0.55, மூன்று முதல் ஏழு வரை 0.9, மற்ற நேரமெல்லாம் 0.7. முதல் வாரக் கடைசியிலேயே காலைச் சர்க்கரை 130, 140க்கு வந்தது. எட்டு வருடத்தில் தொடர்ந்து நான்கு நாள் இப்படிப் பார்த்ததே இல்லை என்றார் அம்மா.

இரண்டாம் வாரத்தில் ஒரு ராத்திரி கானுலா மடங்கிவிட்டது. பம்ப் அலாரம் அடிக்கவில்லை. சென்சார் 250ஐத் தாண்டிக் கூவியதும் எழுந்து பம்ப்பில் திருத்த டோஸ் கொடுத்துவிட்டுப் படுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து 330. கீட்டோன் பார்த்தார், 1.6, ஏறியிருந்தது. சொல்லிக்கொடுத்த வரிசை அவருக்கு மறக்கவில்லை: பம்ப்பை நம்பாதே, பேனா ஊசியால் போடு, புது கானுலா செட் மாற்று, தண்ணீர் குடி, மருத்துவருக்குப் போன் செய். விடிவதற்குள் இறங்கிவிட்டது.

பம்ப்பில் நீண்ட நேரம் நிற்கும் இன்சுலின் கிடையாது. ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே உடம்பில் இன்சுலின் தீர்ந்து கீட்டோன் ஏறும். ஆகவே பம்ப் மாட்டியவர் பையில் பேனா ஊசியும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் எப்போதும் இருக்க வேண்டும். ஊசிக்கு முழுக்கு போடலாம் என்று கனவு கண்டு வருபவர்களிடம் இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கும். இவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ராத்திரியே சொல்லிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் பயந்தது அப்பாதான். மகள், "தெரிஞ்சுதானே செஞ்சேன்" என்றதோடு விட்டுவிட்டார்.

பணம்

சாதாரண பம்ப்பே லட்சங்களில் போகிறது. தானியங்கி வகை அதற்கும் மேலே; மாடலுக்கும் டீலருக்கும் ஏற்ப விலை மாறும். இங்கே பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் உடம்புக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தும் இம்மாதிரிக் கருவிகளுக்குப் பணம் தருவதில்லை. அம்மா வளையலைக் கழற்றத் தயாராக இருந்தார். அப்பா பி.எஃப். கடன் பற்றி விசாரித்திருந்தார்.

நான் தடுத்தது அந்த இடத்தில். நகையை வைத்தால் பம்ப் வாங்கிவிடலாம். அடுத்த மாதம் கானுலா செட்டும் குப்பியும் யார் வாங்குவது? அதற்கடுத்த மாதம்? மாதச் செலவு ஆயிரக்கணக்கில், சென்சாரையும் சேர்த்தால் இந்தக் குடும்பத்தின் வருமானத்தில் கால்பங்குக்கு மேல். காசு இல்லாத மாதத்தில் மூன்று நாள் செட்டை ஆறு நாள் ஓட்டுவார்கள். தோல் சிவந்து சீழ் பிடிக்கும், இன்சுலின் சரியாக இறங்காது. அலமாரியில் தூங்கும் பம்ப்புகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எல்லாமே கடன் வாங்கி வாங்கியவை.

சென்சாரா பம்ப்பா, மாதம் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு சென்சாருக்கு. சென்சார் இருக்கும் பேனா ஊசிக்காரர், சென்சார் இல்லாத பம்ப்காரரைவிடப் பத்திரமாக இருப்பார். இதை ஏற்காத சக ஊழியர்கள் உண்டு. இவரைப் போல விடியற்காலை ஏற்றம் உள்ளவருக்கு சென்சார் சிக்கலைக் காட்டுமே தவிரத் தீர்க்காது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

எடுத்த முடிவு

நகை அடகும் பி.எஃப். கடனும் இப்போதைக்கு இல்லை. முடிவை முன்வைத்தது மாணவியேதான். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். கேம்பஸ் வேலை கிடைத்தால் முதல் சம்பளத்திலிருந்து மாதச் செலவைத் தானே பார்த்துக்கொள்வது. அதுவரை அப்பா மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வருவது. கருவிக்கான பணத்தோடு, ஆறு மாதத்துக்கான செட்டும் குப்பியும் வாங்கும் பணமும் அந்தக் கணக்கில் சேர்ந்த பிறகே ஆர்டர்.

இடைக்காலத்துக்கு மாதத்தில் ஒரு சென்சார்; மீதி இரண்டு வாரம் விரல் குத்திப் பார்ப்பது. கிளார்ஜினை மருத்துவர், அதைவிட நீண்ட நேரம் சீராக வேலை செய்யும் டெக்ளூடெக்காக மாற்றியிருக்கிறார். விடியற்காலை ஏற்றத்துக்கு, எழுந்த உடனே காலைச் சாப்பாட்டு இன்சுலினோடு திருத்த டோஸையும் சேர்த்துப் போட்டு, இருபது நிமிடம் கழித்துச் சாப்பிடுவது. முழுத் தீர்வு இல்லை. கடைசியாகப் பார்த்தபோது காலைச் சர்க்கரை 180ஐச் சுற்றி இருந்தது, எச்பிஏ1சி 7.9.

கல்லூரிக்கு ஒரு மருத்துவக் கடிதம் கொடுத்தோம். சென்சார் அளவை இவர் பார்ப்பது செல்போனில்; தேர்வு அறையில் செல்போனுக்கு அனுமதி இல்லை. சிபிஎஸ்இ 2017இல் நீரிழிவுள்ள மாணவர்கள் தேர்வறைக்குத் தின்பண்டமும் மாத்திரையும் எடுத்துச் செல்ல அனுமதித்தது. இன்ஜினியரிங் கல்லூரியில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. இவருக்கு, செல்போனுக்குப் பதிலாகச் சென்சார் அளவைக் காட்டும் தனி ரீடரும் குளுக்கோஸ் மாத்திரையும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பம்ப் வந்தால் அதற்கும் இதே கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அம்மாவின் கவலை தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. சோதனை ஓட்டத்தின்போது சுடிதாருக்குள் பம்ப் வைக்க உள்பக்கமாக ஒரு பை தைத்துக் கொடுத்தார். மகளுக்கு வசதியாக இருக்கவா, மற்றவர் பார்க்காமல் இருக்கவா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த சந்திப்பு டிசம்பரில், தேர்வுகள் முடிந்ததும். பார்க்க வேண்டியவை: வயிற்றுக் கட்டிகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன, மதிய ஊசி எத்தனை நாள் தவறியிருக்கிறது, கண் பரிசோதனை, தனிக் கணக்கில் சேர்ந்த தொகை. அப்பா ஒரு சந்தேகத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வேறொரு குடும்பம் புது மாடலுக்கு மாறிப் பழைய பம்ப்பைத் தருவதாகச் சொல்கிறதாம், வாங்கலாமா? வாரண்டி முடிந்த கருவி, இரவில் நின்றால் மாற்றித் தர ஆளில்லை. நான் வேண்டாம் என்கிறேன். மருத்துவர், அந்த மாடலுக்குச் செட் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.